சூரியனுக்கு அண்மையிலுள்ள மங்கலான விண்மீன்கள்

சூரியனுக்கு அண்மையிலுள்ள மங்கலான விண்மீன்கள் என்பவை, சூரியனிலிருந்து சில பத்து ஒளியாண்டுத் தொலைவுக்குள் அமைந்திருந்தும், ஒளி மிகக் குறைந்தவையாதலால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்கள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை செங்குறுமீன்கள் எனப்படும் சிறிய, குளிர்ந்த விண்மீன்கள். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறுமீன்களும் இவற்றுள் அடங்கும். பழுப்புக் குறுமீன்கள் முழுமையான விண்மீன்கள் அல்ல எனினும், அதே முறைகளால் கண்டறியப்படுவதால் இவற்றுடன் சேர்த்தே ஆராயப்படுகின்றன.

இவ்வகை விண்மீன்களைப் பற்றிய ஆய்வில் இரண்டு படிகள் உள்ளன. முதலாவது, வானில் தெரியும் கோடிக்கணக்கான மங்கலான புள்ளிகளுள் எவை உண்மையில் அருகில் உள்ளவை என அடையாளம் காண்பது. இரண்டாவது, அவற்றின் தொலைவைத் துல்லியமாக அளப்பது. தொலைவு அளக்கப்படும் வரை எந்த விண்மீனும் அண்மை விண்மீன் என்று உறுதியாகக் கொள்ளப்படுவதில்லை.

பொருளடக்கம்
1. மங்கலாகத் தெரிவதன் காரணம்
2. இடமாறு தோற்றம்
3. கண்டறியும் முறைகள்
4. வரலாறு
5. ஒளியளவுத் தொலைவு
6. அளவீட்டுப் பிழைகள்
7. செயற்கைக்கோள் அளவீடுகள்
8. பழுப்புக் குறுமீன்கள்
9. தொலைவு அறிதலின் பயன்
10. சில அண்மை விண்மீன்கள்
11. இவற்றையும் பார்க்கவும்

மங்கலாகத் தெரிவதன் காரணம்

இரவு வானில் பொலிவுடன் தெரியும் விண்மீன்கள் எல்லாம் அருகில் உள்ளவை அல்ல. எடுத்துக்காட்டாக, ரைஜல் என்னும் விண்மீன் 800 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது. அது சூரியனைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளி மிக்கதாதலால் எளிதாகத் தெரிகிறது. மாறாக, சூரியனுக்கு மிக அண்மையில் 4.24 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பிராக்சிமா செண்டாரியைத் தொலைநோக்கி இன்றிக் காண இயலாது. கட்புலனாகும் ஒளியில் அதன் உண்மையான ஒளி, சூரிய ஒளியில் சுமார் 20,000இல் ஒரு பங்கு மட்டுமே.

விண்மீன்களின் பொலிவு ஒளிப்பொலிவெண் என்னும் அளவுகோலால் குறிக்கப்படுகிறது. எண் கூடினால் பொலிவு குறையும். 5 எண்கள் வேறுபாடு 100 மடங்கு பொலிவு வேறுபாட்டைக் குறிக்கும். இந்த வரையறையை 1856 ஆம் ஆண்டில் முன்வைத்தவர் நார்மன் போக்சன் ஆவார். இவர் பின்னர் 1861 முதல் 1891 வரை சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்தார். நல்ல இருள் உள்ள இடத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் எல்லை சுமார் 6 ஆகும். பிராக்சிமா செண்டாரியின் ஒளிப்பொலிவெண் 11.1. அதாவது, கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிட அது 100 மடங்குக்கும் மேல் மங்கலானது.

சூரியனைச் சுற்றியுள்ள விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு செங்குறுமீன்களே. எனினும் அவற்றுள் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்கு இயல்பாகத் தெரிவதில்லை. எனவே கண்ணால் காணும் வானம், சூரியனின் அண்டை அயலைப் பற்றிச் சரியான படத்தைத் தருவதில்லை.

இடமாறு தோற்றம்

விண்மீன்களின் தொலைவை நேரடியாக அளக்கப் பயன்படும் அடிப்படை முறை இடமாறு தோற்றம் ஆகும். கையை நீட்டிப் பெருவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாறிமாறிப் பார்த்தால், பின்னணியை ஒப்பிடும்போது விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். விரல் அருகில் இருந்தால் மாற்றம் அதிகம். தொலைவில் இருந்தால் குறைவு.

புவி சூரியனைச் சுற்றி வருவதால், ஆறு மாத இடைவெளியில் அதன் இருப்பிடம் சுமார் 30 கோடி கிலோமீட்டர் மாறுகிறது. இந்த இரு இடங்களிலிருந்தும் பார்க்கும்போது, அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ள பின்னணி விண்மீன்களுக்கிடையே சிறிது நகர்ந்திருக்கும். இந்த நகர்வுக் கோணத்தில் பாதி, அவ்விண்மீனின் இடமாறு தோற்றக் கோணம் எனப்படும். இக்கோணம் ஒரு வில்விநாடி எனில் தொலைவு ஒரு பார்செக் ஆகும். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டுகளுக்குச் சமம்.

தொலைவு (பார்செக்) = 1 ÷ இடமாறு தோற்றக் கோணம் (வில்விநாடி)

ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு நாணயத்தைச் சுமார் 5 கிலோமீட்டர்த் தொலைவில் வைத்தால், அது ஏறத்தாழ ஒரு வில்விநாடி அளவில் தோன்றும். சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள பிராக்சிமா செண்டாரியின் கோணமே 0.768 வில்விநாடிதான். ஏனைய எல்லா விண்மீன்களுக்கும் இக்கோணம் இதைவிடச் சிறியது.

நடைமுறையில் இரண்டு படங்கள் போதுமானவை அல்ல. விண்மீனுக்குத் தனக்கென ஓர் இயக்கமும் உண்டு. ஆகவே வானில் அதன் தடம் ஒரு நேர்க்கோடாக இராமல், ஆண்டுக்கு ஒருமுறை வளைந்து செல்லும் அலைபோல் அமையும். நேர்க்கோட்டு நகர்வையும் ஆண்டு அசைவையும் பிரித்தறிய, பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து படமெடுக்க வேண்டும்.

கண்டறியும் முறைகள்

இடமாறு தோற்றத்தை அளப்பது நெடுங்கால உழைப்பு ஆதலால், எல்லா மங்கலான விண்மீன்களுக்கும் அதனைச் செய்ய இயலவில்லை. ஆகவே முதலில் ஐயத்துக்குரிய சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் உருவாயின.

தனி இயக்கம்: அருகிலுள்ள விண்மீன் வானில் விரைவாக இடம் பெயர்வதாகத் தோன்றும். ஒரே பகுதியைச் சில ஆண்டுகள் இடைவெளியில் படமெடுத்து, இரு ஒளிப்படத் தட்டுகளையும் ஒரு கருவியில் பொருத்தி மாறிமாறிக் காட்டினால், நகர்ந்த விண்மீன் மட்டும் முன்னும் பின்னும் தாவுவதுபோல் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் இம்முறையில் நிகழ்ந்தவை.

நிறம்: செங்குறுமீன்கள் மிகச் சிவந்த நிறம் கொண்டவை. ஆனால் மிகத் தொலைவிலுள்ள செம்பெருமீன்களும் அதே நிறம் கொண்டவை. எனவே நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. சிவந்த, மங்கலான ஒரு விண்மீன் விரைவாகவும் நகருமானால், அது அண்மையிலுள்ள குறுமீனாக இருக்க வாய்ப்பு மிகுதி. நிறமாலையை ஆராய்ந்து இதனை உறுதி செய்யலாம்.

அகச்சிவப்பு ஆய்வு: குளிர்ந்த விண்மீன்கள் தம் ஆற்றலில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடுகின்றன. 1997 முதல் 2001 வரை முழு வானையும் அகச்சிவப்பில் படமெடுத்த டூமாஸ் கணக்கெடுப்பும், 2010 இல் வானை ஆய்ந்த வைஸ் செயற்கைக்கோளும் இவ்வகையில் பெரும் பங்காற்றின.

இம்முறைகள் ஒவ்வொன்றுக்கும் குறை உண்டு. சூரியனை நோக்கியோ சூரியனை விட்டு விலகியோ நேராகச் செல்லும் விண்மீன், அருகில் இருந்தாலும் வானில் அதிகம் நகராது. பால்வழியின் அடர்ந்த பகுதிகளில் விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றுவதால் தேடல் கடினமாகிறது. ஷோல்ட்ஸ் விண்மீன் இதற்குத் தக்க சான்று. சுமார் 22 ஒளியாண்டுத் தொலைவிலேயே இருந்தும் அது 2013 இல்தான் கண்டறியப்பட்டது. அதன் தனி இயக்கம் ஆண்டுக்குச் சுமார் 0.12 வில்விநாடி மட்டுமே. பின்னர் அதன் விலகல் வேகத்தை அளந்தபோது, சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் அது சூரியனிலிருந்து ஓர் ஒளியாண்டுக்கும் குறைந்த தொலைவில் கடந்து சென்றது தெரியவந்தது.

வரலாறு

விண்மீன் ஒன்றின் நம்பத்தகுந்த இடமாறு தோற்றத்தை 1838 இல் பிரீடரிக் பெசெல் வெளியிட்டார். அவர் தேர்ந்தெடுத்த 61 சிக்னி, வானின் பொலிவான விண்மீன்களுள் ஒன்றல்ல. அதன் தனி இயக்கம் மிக அதிகம் என்பதால் அது அருகில் இருக்க வேண்டும் என அவர் கருதினார். அவர் பெற்ற மதிப்பு 0.314 வில்விநாடி, இன்றைய மதிப்பு சுமார் 0.286 வில்விநாடி. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ஆல்பா செண்டாரியை 1832-33 ஆண்டுகளில் அளந்திருந்த தாமஸ் ஹென்டர்சன், தம் முடிவை 1839 இல் வெளியிட்டார்.

ஒளிப்படக்கலை வந்த பின்னரே மங்கலான விண்மீன்களை அளப்பது இயலுவதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராங்க் ஷ்லெசிஞ்சர் யெர்க்ஸ் வானாய்வகத்தில் ஒளிப்படத் தட்டுகளைக் கொண்டு இடமாறு தோற்றத்தை அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்.

1915 இல் ஜோகானஸ்பர்க் நகரின் யூனியன் வானாய்வகத்தில் பணியாற்றிய ராபர்ட் இன்னெஸ், ஐந்து ஆண்டு இடைவெளியில் எடுத்த தட்டுகளை ஒப்பிட்டு, ஆல்பா செண்டாரியின் அதே திசையில் அதே வேகத்தில் நகரும் மங்கலான விண்மீன் ஒன்றைக் கண்டார். 1917 இல் அவர் அதற்கு "மிக அண்மையது" என்னும் பொருள்படப் பிராக்சிமா எனப் பெயர் முன்மொழிந்தார். எனினும் அக்காலத்து அளவீடுகள், அது ஆல்பா செண்டாரியைவிட உண்மையிலேயே அருகில் உள்ளது என உறுதி செய்யும் அளவு துல்லியமானவை அல்ல. 1928 இல் ஹெரால்டு ஆல்டன் வெளியிட்ட அளவீடே அதனை உறுதிப்படுத்தியது.

1916 இல் எட்வர்டு பர்னார்டு, ஆண்டுக்கு 10.3 வில்விநாடி நகரும் விண்மீனைக் கண்டறிந்தார். பர்னார்டு விண்மீன் எனப்படும் இதுவே அறியப்பட்ட விண்மீன்களுள் மிகுந்த தனி இயக்கம் கொண்டது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் மாக்ஸ் வுல்ஃப், அமெரிக்காவில் பிராங்க் ராஸ் ஆகியோர் நகரும் விண்மீன்களைப் பட்டியலிட்டனர். வுல்ஃப் 359, ராஸ் 154, ராஸ் 248 முதலிய பெயர்கள் இப்பட்டியல்களிலிருந்து வந்தவையே.

இப்பணியில் மிகுதியாக உழைத்தவர் வில்லெம் லூய்ட்டன் ஆவார். மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவர், ஆண்டுக்கு 0.18 வில்விநாடிக்கு மேல் நகரும் 58,000க்கும் மேற்பட்ட விண்மீன்களைப் பட்டியலிட்டார். வில்ஹெல்ம் கிலீசே 1957 இல் 20 பார்செக்குக்குள் உள்ள விண்மீன்களின் பட்டியலை வெளியிட்டார். அவருடைய பட்டியல் எண்கள் இன்றும் பல அண்மை விண்மீன்களின் பெயராக வழங்குகின்றன.

1964 முதல் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் 1.55 மீட்டர்த் தொலைநோக்கி, அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃப் நகரில் மங்கலான விண்மீன்களை அளந்து வந்தது. 1980களில் அங்கு ஒளிப்படத் தட்டுகளுக்குப் பதிலாக மின்னணு உணரிகள் பயன்பாட்டுக்கு வந்ததால் துல்லியம் பெரிதும் கூடியது. 1994 இல் டாட் ஹென்றி தொடங்கிய ரீகான்ஸ் குழு, சிலி நாட்டின் செர்ரோ தொலோலோவிலுள்ள 0.9 மீட்டர்த் தொலைநோக்கி மூலம் 1999 முதல் தென்வானத்தின் அண்மை விண்மீன்களை அளந்தது. பெரிய தொலைநோக்கி இல்லாமலும், பொறுமையான நெடுங்கால நோக்கினால் புதிய அயலவர்களைக் கண்டறியலாம் என்பதை இக்குழுவின் பணி காட்டியது.

ஒளியளவுத் தொலைவு

இடமாறு தோற்றம் அளக்கப்படாத விண்மீனுக்கு, அதன் பொலிவைக் கொண்டு தோராயத் தொலைவு கணிக்கப்படுகிறது. நிறத்தாலோ நிறமாலையாலோ விண்மீனின் வகையை அறிந்தால், அவ்வகை விண்மீன் உண்மையில் எவ்வளவு ஒளிரும் என்பது தெரியும். அதனைத் தோன்றும் பொலிவுடன் ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும்.

ஒரு விண்மீன் 10 பார்செக் தொலைவில் வைக்கப்பட்டால் பெறும் ஒளிப்பொலிவெண், அதன் தனி ஒளிப்பொலிவெண் எனப்படும். சூரியனுக்கு இது 4.8. வுல்ஃப் 359 போன்ற விண்மீனுக்கு இது சுமார் 16.6. வானில் வுல்ஃப் 359இன் ஒளிப்பொலிவெண் 13.5 ஆதலால், அது 10 பார்செக்கைவிட மிக அருகில், சுமார் 2.4 பார்செக் தொலைவில் இருக்க வேண்டும் என்பது கணக்கினால் தெரியும். இடமாறு தோற்ற அளவீடும் இதனையே காட்டுகிறது.

இம்முறை எப்போதும் இவ்வளவு பொருந்துவதில்லை. ஒற்றை விண்மீனாகத் தோன்றுவது உண்மையில் சமமான இரு விண்மீன்கள் எனில், அதன் பொலிவு இரு மடங்காகி, தொலைவு 1.4 மடங்கு குறைவாகக் கணிக்கப்படும். இன்னும் சுருங்கி முடியாத இளம் விண்மீன்களும் இவ்வாறே அருகில் உள்ளவைபோல் தோன்றும். மாறாக, கன தனிமங்கள் குறைந்த பழைய விண்மீன்கள் இயல்பைவிட மங்கலானவை ஆதலால், தொலைவில் உள்ளவைபோல் தோன்றும்.

அளவீட்டுப் பிழைகள்

நிலத்திலிருந்து இடமாறு தோற்றத்தை அளக்கும்போது பின்வரும் பிழைகள் கவனத்தில் கொள்ளப்படுகின்றன.

* ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் பின்னணி விண்மீன்களுக்கும் சிறிதளவு இடமாறு தோற்றம் உண்டு. அதனைக் கூட்டாவிட்டால் விண்மீன் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும்.
* வளிமண்டலம் நீல ஒளியைச் சிவப்பு ஒளியைவிட அதிகம் வளைக்கிறது. சிவந்த குறுமீனும் பின்னணி விண்மீன்களும் வெவ்வேறு நிறத்தவை ஆதலால் இடப்பிழை உண்டாகிறது. இதனைக் குறைக்க, விண்மீன் உச்சிவட்டத்தைக் கடக்கும் நேரத்தையொட்டிப் படமெடுப்பர்.
* கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று விண்மீனைச் சுற்றினால், அதனால் ஏற்படும் அசைவு இடமாறு தோற்றத்துடன் கலந்துவிடலாம்.
* குறிப்பிட்ட எல்லைக்குள் உள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கும்போது, பிழையினால் உள்ளே வருபவை வெளியே செல்பவற்றைவிட அதிகம். எல்லைக்கு அப்பால் விண்மீன்கள் மிகுதியாக இருப்பதே இதற்குக் காரணம். இவ்வகைச் சார்பை லுட்ஸ், கெல்க்கர் ஆகியோர் 1973 இல் கணக்கிட்டனர்.

மேட விண்மீன் குழாத்திலுள்ள டீகார்டன் விண்மீன் இவ்விடர்களை நன்கு விளக்குகிறது. சிறுகோள்களைத் தேடுவதற்காக எடுத்த பழைய படங்களில், ஆண்டுக்குச் சுமார் 5 வில்விநாடி நகரும் இவ்விண்மீன் கண்டறியப்பட்டு, 2003 இல் அறிவிக்கப்பட்டது. முதல் தோராய அளவீடு 0.43 வில்விநாடி எனக் காட்டியது. அதன்படி தொலைவு சுமார் 7.6 ஒளியாண்டு, சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள சிலவற்றுள் அதுவும் ஒன்றாகியிருக்கும். ஆனால் அத்தொலைவில் இருந்தால், அது தன் வகை விண்மீன்களைவிட இயல்புக்கு மாறாக மங்கலானது என்றாகும். பின்னர் நிகழ்ந்த துல்லியமான அளவீடுகள் 0.26 வில்விநாடி எனக் காட்டின. சரியான தொலைவு 12.5 ஒளியாண்டு, விண்மீனும் இயல்பான ஒளி கொண்டதே.

செயற்கைக்கோள் அளவீடுகள்

வளிமண்டலத்துக்கு மேலிருந்து அளப்பதற்காக ஐரோப்பிய விண்வெளி முகமை 1989 இல் ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளை ஏவியது. 1997 இல் வெளியான அதன் பட்டியலில் 1,18,218 விண்மீன்கள் இடம்பெற்றன. ஆயினும் முன்னரே தேர்ந்தெடுத்த விண்மீன்களை மட்டுமே அது அளந்தது. ஒளிப்பொலிவெண் சுமார் 12க்கு மேற்பட்டவற்றை அதனால் அளக்க இயலவில்லை. ஆகவே வுல்ஃப் 359 போன்ற அண்மை விண்மீன்கள்கூட அதன் எல்லைக்கு வெளியே இருந்தன.

இக்குறையைப் பெருமளவு தீர்த்தது கையா செயற்கைக்கோள் ஆகும். 2013 டிசம்பர் 19 அன்று ஏவப்பட்ட இது, 2014 ஜூலை முதல் 2025 ஜனவரி வரை வானை அளந்தது. 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இதில் 106.5 பாகைக் கோணத்தில் இரு திசைகளை நோக்கும் இரு தொலைநோக்கிகள் இருந்தன. வானின் வெகு தொலைவான பகுதிகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டதால், பின்னணி விண்மீன்களைச் சார்ந்திராமல் இடமாறு தோற்றத்தை நேரடியாகப் பெற முடிந்தது. 15 வரை ஒளிப்பொலிவெண் கொண்ட விண்மீன்களுக்கு, 2020 இல் வெளியான தரவுகளின் பிழை 0.02 முதல் 0.03 மில்லி வில்விநாடி அளவே.

இத்தரவுகளைக் கொண்டு 2021 இல் வெளியான அண்மை விண்மீன் பட்டியலில், 100 பார்செக்குக்குள் 3,31,312 பொருட்கள் இடம்பெற்றன. அதே ஆண்டில் 10 பார்செக்குக்குள் உள்ள விண்மீன்கள், பழுப்புக் குறுமீன்கள், புறக்கோள்கள் ஆகியவற்றைத் திரட்டிய மற்றொரு பட்டியலில் 339 தொகுதிகளில் 540 பொருட்கள் இருந்தன.

பழுப்புக் குறுமீன்கள்

கட்புலனாகும் ஒளியை ஏறத்தாழ வெளியிடாத பொருட்களைக் கையா காண இயலாது. இவற்றுக்கு அகச்சிவப்புத் தொலைநோக்கிகளே துணை. வைஸ் படங்களைக் கொண்டு கெவின் லூமன் 2013 இல் கண்டறிந்த லூமன் 16, இரு பழுப்புக் குறுமீன்களைக் கொண்ட தொகுதி; தொலைவு 6.5 ஒளியாண்டு. ஆல்பா செண்டாரி தொகுதி, பர்னார்டு விண்மீன் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகச் சூரியனுக்கு அண்மையில் உள்ளது இதுவே. 2014 இல் அவர் அறிவித்த வைஸ் 0855−0714, சுமார் 7.4 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் வெப்பநிலை நீரின் உறைநிலையை ஒட்டியது அல்லது அதனினும் குறைவு. அதன் இடமாறு தோற்றம் ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் துணையுடன் அளக்கப்பட்டது. சூரியனுக்கு இவ்வளவு அருகிலுள்ள பொருட்கள் இருபத்தோராம் நூற்றாண்டு வரை அறியப்படாமல் இருந்தது குறிப்பிடத்தக்கது.

தொலைவு அறிதலின் பயன்

விண்மீனின் உண்மையான ஒளி, ஆரம், துணை இருப்பின் நிறை ஆகியவற்றை அறியத் தொலைவு தேவை. தொலைவில் ஏற்படும் பிழை, ஒளியின் மதிப்பில் இரு மடங்கு விழுக்காட்டுப் பிழையாகப் பெருகும். விண்மீனின் ஆரத்தைக் கொண்டே அதன் முன் கடந்து செல்லும் கோளின் ஆரம் கணிக்கப்படுவதால், கோள் பாறையாலானதா வளிமத்தாலானதா என்னும் முடிவும் தொலைவைச் சார்ந்துள்ளது. சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்னும் செங்குறுமீனைச் சுற்றும் ஏழு கோள்கள் 2017 இல் அறிவிக்கப்பட்டன. பிராக்சிமா செண்டாரியின் கோள் ஒன்று 2016 இல் அறிவிக்கப்பட்டது.

மேலும், பால்வழியில் எவ்வகை விண்மீன்கள் எவ்வளவு உள்ளன என்பதை அறிய, சூரியனின் அயலே ஒரே நம்பகமான மாதிரி. மிக மங்கலானவற்றை இங்கு மட்டுமே முழுமையாக எண்ண முடியும். பால்வழியின் மறைந்துள்ள நிறைக்கு மங்கலான விண்மீன்களே காரணமாகலாம் என்ற கருத்து ஒரு காலத்தில் இருந்தது. அதற்குத் தேவையான எண்ணிக்கையில் அவை இல்லை என்பதை அண்மை விண்மீன் கணக்கெடுப்புகள் காட்டின.

சில அண்மை விண்மீன்கள்

பெயர் – தொலைவு (ஒளியாண்டு) – தோற்ற ஒளிப்பொலிவெண்

* பிராக்சிமா செண்டாரி – 4.24 – 11.1
* பர்னார்டு விண்மீன் – 5.96 – 9.5
* வுல்ஃப் 359 – 7.86 – 13.5
* லாலாண்ட் 21185 – 8.3 – 7.5
* லூய்ட்டன் 726-8 (இரட்டை) – 8.7 – 12.5
* ராஸ் 154 – 9.7 – 10.4
* ராஸ் 248 – 10.3 – 12.3
* டீகார்டன் விண்மீன் – 12.5 – 15.1

இவற்றையும் பார்க்கவும்

* இடமாறு தோற்றம்
* செங்குறுமீன்
* பழுப்புக் குறுமீன்
* பார்செக்
* பிராக்சிமா செண்டாரி
* கையா செயற்கைக்கோள்